கணக்குக் கொப்பியில் இல்லாத காய்ச்சல்

அப்பாவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் காய்ச்சல் வரும். காலையில் எழும்பித் தேத்தண்ணி குடித்து, மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்குப் போவார். பதினொரு மணியாகும்போது வரம்பில் குந்திவிடுவார். தலைக்கு மேலே நல்ல வெயில் அடிக்கும், அவருக்குப் பல் கிட்டிக்கொண்டு வரும். அண்ணன் சைக்கிளில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவருவான். வீட்டில் இருந்த இரண்டு போர்வையும் போதாது. நெல்லுச் சாக்குகளை உதறி ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுவோம், நாலு, ஐந்து என்று. அந்தச் சாக்குக் குவியலோடு சேர்ந்து கட்டில் ஆடும். நானும் அக்காவும் ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டு இருப்போம். ஒரு மணித்தியாலத்தில் குளிர் விட்டு உடம்பு நெருப்பாகும். பின்னேரம் வியர்த்துக் கொட்டிப் பாயெல்லாம் நனையும். இரவு எழும்பிக் கஞ்சி குடிப்பார். மறுநாள் காலையில் திரும்பவும் மண்வெட்டி.

இது 1998 மாரி வெள்ளாமைக் காலம். எனக்குப் பதினொரு வயது. எங்கள் ஊர் படுவான்கரையில், அதாவது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கத்தில். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாயும் மூன்று ஏக்கர் வயல், நாலு மாடு, மண்சுவர் வீடு. வீட்டில் அம்மம்மாவோடு சேர்த்து ஆறு பேர். மலேரியா வராத வீடு என்று ஊரில் ஒன்றைக் காட்ட முடியாது. அதனாலேயே யாரும் அதை ஒரு பெரிய நோயாகப் பேசவும் இல்லை. "காய்ச்சல் புடிச்சிருக்கு" என்றால் அது மலேரியாதான். மற்றக் காய்ச்சல்களுக்குத்தான் பெயர் சொல்லிப் பேசுவார்கள்.

அந்த மறுநாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் அதிகம் இருந்தது வைவாக்ஸ் வகை மலேரியா. அந்தக் கிருமி இரத்தத்தின் சிவப்பணுவுக்குள் புகுந்து, பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வர 48 மணித்தியாலம் எடுக்கும். உடைக்கிற நேரத்தில்தான் குளிரும் நடுக்கமும். இடையில் வரும் நாளில் ஆள் எழும்பி நடப்பார், பேசுவார், பார்க்கிறவர்களுக்குச் சுகமானவர் போலத் தெரிவார். கமக்காரனுக்கு அது படுத்து ஆறுகிற நாளாக இருந்ததே இல்லை. நேற்று விட்டுப்போன வேலையையும் சேர்த்து இழுத்துச் செய்கிற நாள் அது. அம்மா விரல்விட்டு எண்ணிச் சொல்லுவார்: "நேத்து வந்த, அப்ப நாளைக்கு வரும். இண்டைக்கே யூரியாவ வீசிப்போட்டு வந்திருங்க." அப்பாவும் போய் வீசுவார். சிவப்பணுக்கள் உடைந்து இரத்தம் வற்றிப்போன ஒரு உடம்பு, முழங்காலளவு சேற்றில், யூரியா வாளியைத் தூக்கிக்கொண்டு. பாதிக் கண்டத்தில், அதாவது வயல்துண்டின் நடுவில், நிற்பாராம், மூச்சு வாங்குமாம். அதை அப்போது அவர் யாரிடமும் சொல்லவில்லை. பல வருடங்களுக்குப் பிறகுதான் ஒருநாள் சொன்னார்.

மருந்து இலவசம். இதை முதலில் நன்றியோடு சொல்லிவிட வேண்டும். விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் தகட்டில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்ப்பதற்கும் காசில்லை, குளோரோகுயின் குளுசைக்கும் காசில்லை. இந்த நாட்டில் பிறந்ததால் கிடைத்த பெரிய வாய்ப்பு அது. ஆனால் மலேரியாவால் குடும்பங்களுக்கு வந்த செலவு என்ன என்று யாராவது கேட்டால், "மருந்துதான் சும்மா கிடைச்சதே" என்று எங்கள் ஊரவர்களே சொல்லிவிடுவார்கள். அந்தப் பதில் எவ்வளவு பிழை என்பது அப்பாவின் கொப்பியைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

அப்பா ஒவ்வொரு போகத்துக்கும் கணக்கு எழுதுவார். பழைய கடதாசி உறை போட்ட கொப்பி, இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. 1998 மாரியின் பக்கங்களை இரண்டு வருடத்துக்கு முன் புரட்டினேன். உழவு மிசின், விதைநெல், பசளை, வாய்க்கால் கூலி எல்லாம் இருக்கிறது. காய்ச்சல் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. ஆனால் அதைத் தெரிந்து தேடினால் பக்கத்துக்குப் பக்கம் கிடக்கிறது. "புல்லுப் பிடுங்க ஆள் 2, 350" என்று ஒரு வரி. முந்தைய வருடங்களில் அந்த வரியே கிடையாது, ஏனென்றால் புல்லுப் பிடுங்கியது அப்பாவும் அம்மாவும். அந்த வருடம் அப்பா கட்டிலில், அம்மா அவர் பக்கத்தில். பிறகு "கடை 640". இது தோடம்பழம், பிஸ்கட், நெஸ்டமோல்ட். மலேரியாவும் சூடு, குளுசையும் சூடு, ஆகவே உடம்பைக் குளிர்த்தியாக்க வேண்டும் என்பது அம்மம்மாவின் கட்டளை. செவ்விளநீர் வாங்கியதும் அதற்குள்தான் வரும்.

இது எங்கள் வீட்டுப் பழக்கம் மட்டும் இல்லை. 1990களில் அனுராதபுர மாவட்டத்து ஹுருளுவெவ பக்கம் கமக்காரக் குடும்பங்களில் ஆய்வு செய்தவர்கள், மலேரியா வந்தவருக்காகக் கையிலிருந்து போகும் காசில் அதிகம் போவது இப்படிக் குளிர்த்தியான சாப்பாட்டுக்குத்தான் என்று கண்டிருக்கிறார்கள். அதை விடவும் பெரிய இழப்பு, சொந்த வயலில் செய்யாமல் போன வேலை. அதை வாசித்தபோது, சிங்களக் கிராமம் ஒன்றின் அடுக்களைக்குள் எங்கள் அம்மம்மா நின்று இளநீர் வெட்டச் சொல்வது போல இருந்தது.

கொப்பியில் என்னை அதிகம் வருத்தியது வரவுப் பக்கத்து வரி ஒன்று. "நாகு 1, 4,200." நாகு என்றால் இன்னும் கன்று போடாத இளம் பசு. அது அடுத்த ஆண்டு கன்று போட்டிருக்கும், பால் தந்திருக்கும், அம்மா சட்டியில் தயிர் உறைய வைத்து விற்றிருப்பார். வாங்க வந்த யாவாரிக்கு எங்கள் அவசரம் தெரியும். அவர் சொன்னதுதான் விலை. கணக்கில் அது வரவு. அப்பாவையும் குற்றம் சொல்ல முடியாது, காசு வீட்டுக்குள் வந்தால் வரவு என்றுதானே எழுதுவார்கள்.

அதற்குக் கீழே கடன். இரண்டாம் முறைப் பசளைக்கும் ஆள்கூலிக்குமாக 5,000 ரூபா. நெல்லுக்கடன், அதாவது இப்போது வாங்கும் ஆயிரத்துக்கு வெட்டு முடிய இரண்டு மூடை நெல் அளக்க வேண்டும். அம்மாவின் தோடு அடைவுக்குப் போனதும் அதே மாதம்.

சரி, ஒரு தடவை வந்த காய்ச்சலுக்கு இவ்வளவா என்று கேட்கலாம். ஒரு தடவையோடு முடியவில்லை. வைவாக்ஸ் கிருமியில் ஒரு பகுதி ஈரலுக்குள் போய் உறங்கிக் கிடக்கும். குளோரோகுயின் இரத்தத்தில் இருப்பதைத்தான் கொல்லும். ஈரலில் கிடப்பதைக் கொல்லப் பிரைமாகுயின் என்ற இன்னொரு குளுசையை நாள் தவறாமல் விழுங்கி முடிக்க வேண்டும். அப்பா மூன்று நாளோடு நிறுத்திவிட்டார். குளிர் விட்டுவிட்டது, குளுசை வயிற்றைப் பிரட்டுகிறது, வேலை கிடக்கிறது. அந்த நிலைமையில் யாராக இருந்தாலும் நிறுத்தியிருப்பார்கள். தை மாதம் கடைசியில், நெல் முற்றி வெட்டுக்கு நின்ற நேரத்தில், உறங்கிக் கிடந்தது எழும்பியது.

வெட்டுக்காரர் எங்கள் கண்டத்துக்கு வருவதாகச் சொன்ன நாளில் அப்பா சாக்குக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். முன்னால் நின்று வேலை வாங்க ஆளில்லை என்றதும் அவர்கள் அடுத்த வட்டைக்குப் போய்விட்டார்கள். திரும்பி வர ஒன்பது நாளானது. அதற்குள் முற்றிய மணி உதிர்ந்தது, இடையில் ஒரு மழையும் பெய்தது, பன்றி ஒரு மூலையைக் கிண்டிவிட்டுப் போனது. வழக்கமாக அறுபது மூடை காணும் வயலில், சூடடிக்கிற களவெட்டிக்கு வந்தது முப்பத்தேழு. நெல்லுக்கடனுக்குப் பத்து. வெட்டு, சூடடிப்பு, மிசின் எல்லாவற்றுக்கும் பதினொன்று. விதைக்கு ஐந்து. மிச்சம் பதினொரு மூடை. ஆறு பேருக்கு அது அடுத்த மாரி வரைக்கும் காணாது.

அண்ணனின் கதை எந்தப் பக்கத்திலும் இல்லை.

அவனுக்கு அப்போது பதினாறு வயது, அந்த மார்கழியில்தான் சாதாரணதரப் பரீட்சை. அப்பா விழுந்த நாளிலிருந்து இரவுக் காவல் அவன் தலையில் வந்தது. பரணில் அரிக்கன் லாம்போடும் புத்தகத்தோடும் இருப்பான். மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்புக்கு இரவுதான் குத்துகிற நேரம். எங்கள் நாட்டில் முக்கியமாகப் பரப்பியது அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்ற இனம். வயலைவிட, ஓட்டம் குறைந்த ஆற்றில் மணலுக்கும் பாறைக்கும் நடுவில் தங்கும் தெளிந்த தண்ணீரில்தான் அது அதிகம் முட்டையிடும். எங்கள் வயலின் கீழ்ப்பக்கத்தில் அப்படி ஒரு ஆறு. வீட்டுச் சுவருக்கு மருந்தடித்தார்கள், உண்மைதான். பரணுக்குச் சுவர் ஏது?

பரீட்சை தொடங்கிய கிழமையில் அவனுக்கும் நடுக்கம் தொடங்கியது. ஒருநாள் விட்டு ஒருநாள். தமிழுக்கும் சமயத்துக்கும் நல்ல நாட்கள் அமைந்தன. கணிதம் நடுக்கத்து நாளில் விழுந்தது. அம்மா முதல்நாள் இரவே எண்ணிப் பார்த்துவிட்டார், எண்ணிவிட்டு ஒன்றும் பேசவில்லை. மாமா அவனைச் சைக்கிளில் கொண்டுபோய் மண்டபத்தில் விட்டார். அரைவாசியில் எழும்பி வெளியே வந்து வேப்பமரத்தடியில் சுருண்டு படுத்துவிட்டான். கணிதம் போனது. அடுத்த வருடம் திரும்ப எழுதலாம்தான், ஆனால் அடுத்த வருடம் அந்தக் கடனோடு தொடங்கியது. அப்பா எங்கள் மூன்று ஏக்கரையும் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு ஒரு போடியாரிடம், அதாவது பெரிய வயல்காரர் ஒருவரிடம், அவர் வயலைச் செய்து கொடுக்கும் முல்லைக்காரராகப் போனார். அண்ணன் மிசின் ஓட்டப் பழகினான். கதிர்காமம் பக்கத்துப் பிள்ளைகளிடையே செய்த ஆய்வுகள், அடிக்கடி மலேரியா வந்த பிள்ளைகள் மொழிப் பாடத்திலும் கணிதத்திலும் பின்தங்கியதைக் காட்டின. அதைப் படிக்கும் எவருக்கும் அது ஒரு புள்ளிவிவரம். எனக்கு அந்த வேப்பமரம் ஞாபகத்துக்கு வரும்.

அம்மம்மா காலத்தை எண்ணுவதே காய்ச்சலை வைத்துத்தான். 1934, 35இல் இந்த நாட்டில் மலேரியா கிட்டத்தட்ட 80,000 பேரைக் கொண்டுபோனது. மழை பொய்த்து, தென்மேற்கில் ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் குட்டைகளாகத் தேங்கிய ஆண்டுகள் அவை. அது அதிகம் அடித்தது கேகாலை, குருநாகல் பக்கம். எங்களைப் போன்ற வறண்ட பகுதிகளில் காய்ச்சல் எப்போதும் குடியிருந்ததால் அவ்வளவு பெரிய அலை இங்கே எழவில்லை. அம்மம்மாவுக்கு ஞாபகம் இருந்தது அதற்குப் பிந்திய டி.டி.ரி. பூச்சிமருந்துக் காலம். 1940களின் நடுப்பகுதியில் வீடு வீடாக அடிக்கத் தொடங்கினார்கள். 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியபோது அவரது அண்ணன் அங்கே மண் வெட்டப் போனார். அம்பாறையும் அப்போது மட்டக்களப்பு மாவட்டம்தான், 1961இல்தான் தனியாகப் பிரிந்தது. காட்டை வெட்டி, குளத்தைக் கட்டி, வெளியிலிருந்து இத்தனை ஆயிரம் குடும்பங்களைக் கொண்டுவந்து இருத்த முடிந்ததற்கு அணைக்கட்டு அளவுக்கு அந்தப் பூச்சிமருந்தும் காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன். கிழக்கின் காணிக் கதையைப் பேசுகிறவர்கள் நுளம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவேண்டும்.

"காய்ச்சல் ஒழிஞ்சிருந்த காலத்துலதான் உன்ட மாமாவப் பெத்த" என்று அம்மம்மா சொல்லுவார். அது 1960களின் ஆரம்பம். 1963இல் நாடு முழுவதுக்கும் சேர்த்துப் பதிவானது 17 பேர். பதினேழே பேர்! இனி என்ன என்று மருந்தடிப்பைக் குறைத்தார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. 1968, 69இல் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு வந்தது. பிறகு நுளம்புக்கு டி.டி.ரி. பழகிப்போய், 1977இல் மலத்தியன் என்ற வேறு பூச்சிமருந்துக்கு மாற வேண்டியதாயிற்று. 1980களின் நடுவில் பல்சிபாரம் வகைக் கிருமிக்குக் குளோரோகுயினும் பழகத் தொடங்கியது. மருந்தடிப்பைக் குறைத்த வருடங்களில் அரசின் பக்கத்தில் கொஞ்சக் காசு மிஞ்சியிருக்கும். அந்த மிச்சத்தின் மறுபக்கம், இருபது முப்பது வருடங்களாக, அப்பாவின் கொப்பியைப் போன்ற கொப்பிகளில் ஆள்கூலியாகவும் வட்டியாகவும் நாகு விற்ற காசாகவும் ஏறிக்கொண்டே இருந்தது. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

மருந்தடிக்கிறவர்கள் வந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம், பெரியவர்களுக்கு எரிச்சல். சாமான் முழுவதையும் முற்றத்தில் இறக்க வேண்டும். மலத்தியன் நாற்றம் இரண்டு மூன்று நாளைக்குப் போகாது. சுவரில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுக் கிடக்கும். அந்தச் சுவரில் வந்து இருக்கிற நுளம்பு சாக வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் தைப்பொங்கலுக்கு வீடு மெழுகாமல் விடுவார்களா? அம்மாவும் அக்காவும் களிமண்ணும் சாணமும் குழைத்துச் சுவரை மெழுகிவிடுவார்கள். மருந்து மெழுக்குக்கு அடியில் போய்விடும். மலேரியா உச்சத்தில் நிற்கும் காலமும் அதுதான், மார்கழி, தை, மாசி. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. பொங்கலுக்குச் சுத்தமான சுவர் வேண்டும், அவ்வளவுதான். மெழுகுவதானால் அதற்குப் பிறகு அடியுங்கள் என்று இரண்டு பக்கமும் கூடிப் பேசி ஒரு திகதி வைத்திருக்கலாம்.

அந்த ஆட்களை நினைத்தால் இன்றைக்கும் மனம் நெகிழும். சண்டைக் காலம். டவுனுக்குப் போகப் பாலத்தடிச் சோதனைச் சாவடி, இந்தப் பக்கம் வந்தால் வேறு கேள்விகள். அதற்குள்ளால் தோளில் பம்பைக் கொழுவிக்கொண்டும், தகட்டுப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டும் வந்தார்கள். போர் நடந்த பகுதிகளிலும் மருந்தடிப்பும் இரத்தப் பரிசோதனையும் தொடர்ந்தன. காய்ச்சல்காரர் ஆஸ்பத்திரிக்கு வரும்வரை காத்திருக்காமல் ஒதுக்குப்புறக் கிராமங்களுக்கு நடமாடும் பரிசோதனை போனது. பூச்சிமருந்தை இடத்துக்கிடம் மாற்றி மாற்றிப் பாவித்தார்கள். பிறகு நீண்டகாலம் உழைக்கும் மருந்து தோய்ந்த வலைகள் வந்தன. 1999இல் 264,000க்கு மேல் இருந்த நோயாளர் எண்ணிக்கை 2007இல் 200க்கும் கீழே இறங்கியது. சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் பெரிய மலேரியா அலை வரும் என்று பயந்தார்கள், அதுவும் வரவில்லை. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

அன்று இரவுச் செய்தியில் அதைக் கேட்ட அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப அந்த மருந்தடிக்கிற பொடியனுகளுக்கு வேலை?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை. நுளம்பு எங்கும் போய்விடவில்லை. தெளிந்த நன்னீரில்தான் வளரும் என்று நம்பியிருந்த குலிசிபேசிஸ் கிழக்குக் கரையோரத்தின் உவர்நீரிலும் வளர்வதை 2010 அளவில் கண்டுபிடித்தார்கள். 2018 மார்கழியில் அம்பாறைக்கு அயல் மாவட்டமான மொனராகலையில், வெளிநாட்டிலிருந்து கிருமியோடு வந்த ஒருவரிடமிருந்து உள்ளூரவர் ஒருவருக்குத் தொற்றியது. உடனே பிடித்துவிட்டதால் அதோடு நின்றது. பிடிப்பதற்கு ஆள் இருந்ததால்தான் அது நின்றது. பதினேழு பேர் என்று கண்டு கையை விட்ட அந்த வருடத்தை நினைவில் வைத்திருக்கிறவர்கள், இப்போதிருக்கும் மலேரியா உத்தியோகத்தர்களை வீண்செலவு என்று சொல்லமாட்டார்கள்.

வட்டையில் இப்போதுள்ள காய்ச்சல் எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த சேற்றுத் தண்ணீர், காலில் ஒரு சின்னக் கீறல், அது போதும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் போகம் தொடங்கும்போது டொக்சிசைக்கிளின் குளிசைகளைச் சும்மா கொடுக்கிறார்கள். கிழமைக்கு ஒருமுறை விழுங்கினால் போதும். பயிர்க் காப்புறுதியும் இருக்கிறது. வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் யானைக்கும் நட்டஈடு பேசுகிற அந்தக் கடதாசியில், கமக்காரன் பத்து நாள் படுத்துவிட்டால் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். நெற்பயிரைக் காப்புறுதி செய்கிறவர்களுக்கு அதை வளர்க்கிற உடம்பும் அந்த வயலின் ஒரு பகுதி என்று விளங்காதா?

கடந்த மாரியில் அண்ணனுக்கு எலிக்காய்ச்சல் வந்தது. குளிசை வயிற்றை எரிக்கிறது என்று இரண்டு கிழமையோடு விட்டிருக்கிறான், அப்பாவைப் போலவே. முதல் நாள் நடுங்கியதும் அம்மா மூலையில் கிடந்த சாக்குகளை உதறப் போய்விட்டார். "நாளைக்கு விட்டு நாளைண்டைக்கு வரும், பாருங்க" என்றார். வரவேண்டாம் என்று சொல்லி அன்றைக்கே ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆறு நாள் கிடந்து சுகமாகி வந்தான்.

வந்த பிறகு நானும் மச்சாளும் திண்ணையில் இருந்து ஒரு கொப்பியில் எழுதினோம். இந்தத் தடவை மேலே "காய்ச்சல்" என்று தலைப்புப் போட்டேன். ஓட்டோ, பஸ், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன சாப்பாடு, தண்ணீர் கட்ட வைத்த ஆள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மச்சாளின் அம்மா வந்துபோன செலவு, மச்சாள் வேலைக்குப் போகாத நாட்கள். மச்சாள் ஒவ்வொன்றாக நினைவுபடுத்திச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தேன். கடைசியில், அண்ணன் படுத்திருந்த நாட்களுக்கு என்ன கூலி போடுவது என்று கேட்டேன்.

மச்சாள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அவரு நம்மட ஆள்தானே. அவருக்கு ஏது கூலி?"